கஞ்சியக்கா கடல் பார்க்கப் போனது

அந்தச் சலவைக் கடையின் மூத்த மருமகளுக்கு வாடிக்கைக்காரர்கள் வைத்த பெயர் கஞ்சியக்கா. சட்டைக் காலருக்கு அவளைப் போலக் கஞ்சி போட அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவள் காதுபட யாரும் சொல்வதில்லை. ஆளே கஞ்சி போட்டு இஸ்திரி போட்டு நிறுத்தியது மாதிரிதான் இருப்பாள். முதுகு வளையாது, முகம் கசங்காது, பேச்சு அளந்துதான் வரும். வியாழக்கிழமை வாருங்கள் என்று அவள் சொன்னால் வியாழக்கிழமைதான். புதன்கிழமையே வந்து பல்லைக் காட்டிக்கொண்டு நின்றால் வேலைக்கு ஆகாது.

கடை இரண்டு சகோதரர்களுடையது. மூத்தவர், அதாவது கஞ்சியக்காவின் கணவர், வேனை எடுத்துக்கொண்டு போய் ஓட்டல்களிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் அழுக்கு மூட்டைகளைக் கொண்டுவருவார், வெளுத்ததைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பார். இளையவருக்கு பாய்லர்தான் உலகம். கடைக்கு வெந்நீரும் நீராவியும் கொடுக்கிற அந்தப் பழைய இரும்புப் பானையைத் துடைப்பார், தட்டிப் பார்ப்பார், அதோடு பேசவும் செய்வார். அதில் கால்வாசி தன்னோடு பேசினால் தான் இன்னும் ஒரு சுற்று பெருத்திருப்பேன் என்பாள் அவருடைய மனைவி. அவளைச் சின்னவள் என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். வந்தவர்களிடம் பேசுவது, இஸ்திரி போடுவது, மடித்துக் கட்டுவது எல்லாம் சின்னவளின் பொறுப்பு. துணி பிரிப்பது, வெளுப்பது, கஞ்சி போடுவது கஞ்சியக்காவின் பொறுப்பு. கடையின் முன்பாதி சின்னவளுடையது, பின்பாதி கஞ்சியக்காவுடையது. இரண்டுக்கும் நடுவே தரையிலிருந்து கூரை வரை ஒரு பலகைத் தடுப்பு. துணியைக் கொடுத்து வாங்க அதில் தபால் நிலைய ஜன்னல் அளவுக்கு ஒரு திறப்பு.

அந்தத் தடுப்பு வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். சின்னவள் கல்யாணமாகி வந்தபோது ஒரு பெட்டியும் ஒரு ரேடியோவும் கொண்டுவந்தாள். ரேடியோவை நிறுத்தினால் தானே பாடுவாள். ரேடியோவே தேவலாம் என்று இருக்கும். கஞ்சியக்காவோ காதால் வேலை செய்கிறவள். இயந்திரத்துக்குள் துணி புரளும் சத்தத்தை வைத்தே அழுக்கு போயிற்றா இல்லையா என்று சொல்லிவிடுவாள். பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். பிறகு ஒரு நாள், கஞ்சி காய்ச்சும் ஆவி இஸ்திரி போட்ட துணிமேல் படிகிறது, நடுவே ஒரு தடுப்பு வேண்டும் என்று கணவரிடம் சொன்னாள். அவர் பலகையை வாங்கி வந்து அடித்துவிட்டார். எல்லோரும் ஆவிக்கதையை நம்பினார்கள். குறைந்தபட்சம் அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் பலகைக்கு இரண்டு பக்கமும் காலம் ஓடத்தானே செய்யும். சின்னவளுக்கு ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தார்கள். கஞ்சியக்காவுக்குப் பிள்ளை இல்லை. உலர்த்தும் இயந்திரத்திலிருந்து சுடச்சுட எடுத்துப் போட்ட துண்டுக் குவியலில்தான் அந்த இரண்டு பிள்ளைகளும் தூங்கி வளர்ந்தார்கள், அதாவது பெரியம்மா பக்கத்தில். இப்போது இரண்டு பேரும் வெளியூரில் படிக்கிறார்கள். தினமும் காலையில் அந்தத் திறப்பு வழியாக ஒரு கோப்பைத் தேநீர் பின்பக்கம் வரும். தினமும் சாயங்காலம் சின்னவளின் மேல்சட்டை ஒன்று காலர் விறைக்க முன்பக்கம் போகும். இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. சின்னவளைத் தனக்குப் பிடித்துப்போய்ப் பல காலம் ஆகிவிட்டது என்பது கஞ்சியக்காவுக்கு நன்றாகவே தெரியும். அதை வாயைத் திறந்து சொல்வது எப்படி என்பதுதான் தெரியாது.

போன மாதம் கஞ்சியக்கா சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகிவிட்டது. ஒன்றுமில்லை என்று துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளே வேலைக்கு நின்றுவிட்டாள். அதற்குச் சில நாள் கழித்துத்தான் அந்தத் தொலைபேசிப் பேச்சு அவள் காதில் விழுந்தது.

இயந்திரம் ஓய்ந்திருந்த நேரம். திறப்புக்குப் பக்கத்தில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் சின்னவள், மரவேலை செய்யும் தன் அண்ணனிடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். சின்னவளாவது, தணிந்த குரலாவது! அதனால்தான் கஞ்சியக்கா காது கொடுத்தாள்.

"பிரிச்சிடலாம்னு முடிவு பண்ணிட்டேன்ணா. இத்தனை வருஷம் இப்படி இருந்தது போதும். அக்காகிட்ட எப்படி ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியல. எங்கயாவது வெளியே கூட்டிட்டுப் போய், நல்லா சாப்பிட வச்சு, அப்புறம் மெதுவா சொல்லணும்."

அந்தக் கடையில் பிரிப்பது என்றால் வெள்ளையை வேறாக, வண்ணத்தை வேறாகப் பிரிப்பது. வேறு அர்த்தத்தில் அந்தச் சொல் அங்கே புழங்கியதே இல்லை. ஆனால் துணி பிரிக்கிற விஷயத்தை யாரும் பிறந்த வீட்டு அண்ணனிடம் ரகசியமாகப் பேசமாட்டார்கள். சொத்தைப் பிரிப்பது, கடையைப் பிரிப்பது, குடும்பத்தைப் பிரிப்பது, அதற்குத்தான் அண்ணன் வேண்டும். கஞ்சியக்கா பொத்தானைப் பார்க்க மறந்தாள். ஊசி விரலில் குத்தியது. வெள்ளைச் சட்டையில் ரத்தம் படக்கூடாதே என்று முதலில் சட்டையைத்தான் தள்ளி வைத்தாள். அவள் அப்படிப்பட்டவள்.

அதன்பிறகு அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தான். சின்னவள் முன்பக்கத்தை அளப்பது போல நின்றால் அது சந்தேகம். கூரையை அண்ணாந்து பார்த்தால் அதுவும் சந்தேகம். தேநீரில் சர்க்கரை கொஞ்சம் கூடியிருந்தால், போகிற நேரத்தில் பாசம் பொங்குகிறது என்று நினைத்துக்கொள்வாள். கணவரிடம் சொல்லலாமா என்று பார்த்தாள். அவரோ தம்பி மேல் உயிரையே வைத்திருப்பவர், கேட்டால் உடைந்துபோவார். ஆகவே எதையும் யாரிடமும் சொல்லவில்லை. எங்கேயும் வெளியே சாப்பிடப் போகாமல் இருந்தால் போதும், அதைச் சொல்ல சின்னவளுக்குச் சந்தர்ப்பமே கிடைக்காது என்று கணக்குப் போட்டாள். சின்னவள் வந்த நாளிலிருந்து அவர்கள் இருவரும் வெளியே போய்ச் சாப்பிட்டதே கிடையாது என்பதால், அது நல்ல கணக்காகவும் தெரிந்தது.

கணக்கைக் கெடுத்தது பாய்லர். ஒரு நாள் காலை அது இரண்டு முறை இருமியது, பிறகு அடங்கிவிட்டது. இளையவர் அதன் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து தட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். மெக்கானிக் வந்தார், எல்லாவற்றையும் கழற்றிப் போட்டார், சாயங்காலத்துக்குள் ஓட வைக்கிறேன், அதுவரை யாரும் பக்கத்தில் வந்து கேள்வி கேட்கக் கூடாது என்றார். சகோதரர்கள் இருவரும் அறுவை சிகிச்சை அறைக்கு வெளியே காத்திருக்கிற சொந்தக்காரர்களைப் போல ஆளுக்கொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். வெந்நீர் இல்லை, ஆவி இல்லை, வேலை இல்லை. வெளியே நல்ல வெயில்.

சின்னவள் கல்லாவைப் பூட்டிவிட்டுப் பின்பக்கம் வந்தாள். வழக்கமாகத் திறப்பு வழியாகத்தான் பேசுவாள். இப்போது சுற்றிக்கொண்டு வந்து நேரில் நின்றாள்.

"அக்கா, வாங்க, கடலுக்குப் போயிட்டு வரலாம். அங்க ஒரு கடையில மீன் பிரமாதமா இருக்குமாம். சாப்பிட்டுட்டு அப்படியே கரையோரமா நடந்துட்டு வரலாம்."

வந்துவிட்டது என்று கஞ்சியக்கா நினைத்தாள். கால் வலி என்றாள். மெதுவாக நடக்கலாம் என்றாள் சின்னவள். யாராவது துணி கேட்டு வருவார்கள் என்றாள். கதவில் அட்டை மாட்டியாகிவிட்டது என்று பதில் வந்தது. பிறகு வாளியின் மேலிருந்து கணவர் தலையைத் தூக்கி, போய்விட்டுத்தான் வாயேன், நீ இங்கே நின்றால் மெக்கானிக்குக்குக் கை நடுங்குகிறது என்றார். கட்டின புருஷனே கையைப் பிடித்துக் கிணற்றில் தள்ளும்போது பாவம் அவள்தான் என்ன செய்வாள்? விறைத்த வெள்ளை மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. சின்னவள் பேச ஆரம்பித்தால்தானே ஆபத்து? தானே பேசிக்கொண்டிருந்தால்? வார்த்தையை அளந்து அளந்து பேசியே வாழ்ந்தவள் அன்று மூட்டையை மொத்தமாக அவிழ்த்துவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே தெரிந்த எல்லாவற்றையும் பற்றிப் பேசினாள். அது தீர்ந்ததும் தன்னைப் பற்றிப் பேச வேண்டியதாகிவிட்டது. தன் அப்பா கப்பல் கயிறு திரிக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்ததையும், அவர் உடுப்பிலிருந்து தார்க் கறையை எடுக்கப் போய்த்தான் இந்தத் தொழில்மேல் ஆசை வந்தது என்பதையும் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்பு நீச்சல் கற்றுக்கொண்டு, ஒரு முறை பந்தயத்தில் கடைசியாக வந்ததைச் சொன்னாள். சின்னவள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் இதில் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை.

அதற்குமேல் சொல்ல ஒன்றும் அகப்படாமல், கஞ்சியக்கா சாகும்போது கூடவே கொண்டுபோக வைத்திருந்த ரகசியத்தையே எடுத்துப் போட்டாள். கடைக்கு வந்த புதிதில், மருத்துவர்களின் வெள்ளை அங்கிகளோடு யாருடைய சிவப்புக் காலுறையோ ஒன்று இயந்திரத்துக்குள் போய்விட்டது. வெளியே வந்தபோது அத்தனை அங்கியும் இளஞ்சிவப்பு. அவள் அழுத அழுகையைப் பார்த்த கணவர், ராத்திரியோடு ராத்திரியாக மறுபடி மறுபடி வெளுத்தும் நிறம் போகாததால், அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, குழந்தைகள் பிரிவில் இந்த நிறத்தைப் பார்த்தால் பிள்ளைகள் ஊசிக்குப் பயப்படாதாம் என்று ஒரு போடு போட்டாராம். அந்த மருத்துவமனைக்காரர்கள் அடுத்த மாதம், இன்னும் கொஞ்சம் அந்த நிறத்தில் கிடைக்குமா என்று கேட்டு அனுப்பினார்களாம். சின்னவள் சிரித்த சிரிப்பில் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். கஞ்சியக்காவுக்கும் உதடு கோணியது. உடனே தான் எதற்காக வந்திருக்கிறோம் என்று ஞாபகம் வந்து, உதட்டை நேராக்கிக்கொண்டாள்.

கடற்கரைச் சாப்பாட்டுக் கடை சின்னதுதான். நீல ஜன்னல், வெள்ளை மேஜை விரிப்பு, ஜன்னலுக்கு நேர் கீழே பாறையும் தண்ணீரும். உட்கார்ந்ததும் கஞ்சியக்கா விரிப்பின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தாள், வெளுப்பு மருந்து கூடிப்போய் நூல் நைந்திருக்கிறது என்று தனக்குள் முனகிக்கொண்டாள், ஆனால் கடைக்காரம்மா வந்து நின்றபோது விரிப்பு அழகாக இருக்கிறது என்றாள். கடைக்காரம்மா பருத்த, கலகலப்பான பெண். இன்று காலை படகில் வந்த மீன், வாணலியிலிருந்து நேராக உங்கள் தட்டுக்கு என்றார்.

மீன் வந்தது. மேலே மொறுமொறுவென்று, உள்ளே வெண்ணெய் போல. பக்கத்தில் எலுமிச்சைத் துண்டு, ஆவி பறக்கும் ரொட்டி. சின்னவள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒரு விஷயம்..."

"இங்க இறால் நல்லா இருக்குமாமே" என்றாள் கஞ்சியக்கா, கையைத் தூக்கிக் கடைக்காரம்மாவைக் கூப்பிட்டபடி.

இறால் வந்தது, பூண்டும் வெண்ணெயும் போட்டுப் புரட்டியது. அது பாதி தீர்ந்தபோது சின்னவள் மறுபடி தொண்டையைச் செருமினாள். கஞ்சியக்கா நண்டு சொன்னாள். நண்டை உடைத்துத் தின்கிறவரை யாராலும் எந்த விஷயமும் பேச முடியாது, இரண்டு கையும் வாயும் அதற்கே சரியாகிவிடும். ஓடுகள் குவிந்ததும் வறுத்த கிழங்கு. கிழங்குக்குப் பிறகு இன்னொரு மீன். பயம் வந்தால் சோறு இறங்காது என்பார்கள். கஞ்சியக்காவின் வயிறு அந்தக் கட்சியில் சேரவில்லை. ஒவ்வொரு வாயும் தேவாமிர்தமாக இருந்தது. அதுவே அவளுக்கு ஆத்திரமாகவும் இருந்தது, தலை போகிற நேரத்தில் நாக்குக்கு இவ்வளவு ருசி என்ன வேண்டிக்கிடக்கிறது என்று. தான் கைபடாத, தனக்காக இன்னொருத்தர் சமைத்துக் கொண்டுவந்து வைத்த சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை காலமாயிற்று என்றும் நினைத்துக்கொண்டாள். சுட்ட பழமும் பாலாடையும் வந்தபோது சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பேசும் தெம்பே இல்லாமல் சாய்ந்துவிட்டாள். கஞ்சியக்காவின் சட்டை காலரில், பல வருஷத்தில் முதல்முறையாக, ஒரு சொட்டு வெண்ணெய் விழுந்திருந்தது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

சாப்பிட்டு முடித்து வெளியே வந்தார்கள். கரையை ஒட்டி, சில இடத்தில் மணல் மேலும் சில இடத்தில் பாறை மேலுமாக ஒரு நடைபாதை போனது. நல்ல காற்று. சொல்கிற வார்த்தையை வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போகிற காற்று. கஞ்சியக்காவுக்குக் காற்றின் மேல் அன்பு பிறந்தது. சின்னவள் ஏதோ சொன்னாள், கேட்கவில்லை என்று கஞ்சியக்கா கையைக் காட்டினாள். மறுபடி சொன்னாள், மறுபடி கையைக் காட்டினாள். கால் இன்னும் கொஞ்சம் இழுத்ததால் மெதுவாகத்தான் நடந்தாள். சின்னவள் கடல் பக்கமாக, அவளுக்கு அணைவாக, அதே வேகத்தில் நடந்து வந்தாள்.

வழியில் ஒரு வீட்டின் பக்கவாட்டில் கொடி கட்டிப் படுக்கை விரிப்புகளைக் காயப் போட்டிருந்தார்கள். கஞ்சியக்கா நின்றுவிட்டாள். அவள் கடையில் எல்லாம் இயந்திரத்தில்தான் காயும். வெயிலிலும் உப்புக் காற்றிலும் துணி இப்படிப் படபடத்துக் காய்வதைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. அக்கம்பக்கம் பார்த்தாள், யாரும் இல்லை. போய் ஒரு விரிப்பின் ஓரத்தில் முகத்தை வைத்து முகர்ந்தாள். திரும்பிப் பார்த்தால் சின்னவளும் அடுத்த விரிப்பில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறாள். இவள் போய்விட்டால் இதை யாரோடு செய்வது? கணவரைக் கூட்டிவந்தால், யார் வீட்டுத் துணியை முகர்கிறாய் என்று கேட்பார்.

பாதை ஒரு பெரிய பாறையைச் சுற்றி வளைந்தது. வளைந்ததும் காற்று சட்டென்று நின்றுபோனது. பாறை மறைத்துக்கொண்டது. உட்கார வாகாக ஒரு கல் வேறு. கால் வலித்ததால் கஞ்சியக்கா உட்கார்ந்துதான் ஆக வேண்டியிருந்தது. பக்கத்தில் சின்னவள் உட்கார்ந்தாள். அலைச் சத்தம் தணிவாகக் கேட்டது. பேச்சு மூட்டை காலி, வரவழைக்க நண்டும் இல்லை. எத்தனை நேரம்தான் ஓடுவது என்று கஞ்சியக்காவுக்குச் சலித்துவிட்டது. அடி விழப் போகிறதென்றால் முதுகைக் காட்டி வாங்குவதைவிட முகத்தைக் காட்டி வாங்கலாம் என்று முடிவு செய்தாள்.

"நீ சொல்ல வேணாம். எனக்குத் தெரியும்" என்றாள். "பிரிச்சிடலாம்னுதானே?"

சின்னவளின் முகம் மாறிவிட்டது. "உங்களுக்கு யாரு சொன்னாங்கக்கா?"

"உன் அண்ணன்கிட்ட பேசினது காதுல விழுந்துச்சு."

"கோபமா இருக்கீங்களா?"

"கோபம் இல்ல. உனக்கும் உன் இஷ்டப்படி இருக்கணும்னு தோணும்ல." கஞ்சியக்கா கடலைப் பார்த்தபடியே பேசினாள். "முன்பக்கம் நீயே எடுத்துக்கோ. எல்லாரும் உன் முகத்தைப் பார்த்துதான் கடைக்கு வர்றாங்க. என் முகத்தைப் பார்த்து யார் வரப்போறா? பாய்லரையும் எடுத்துக்கோ, உன் வீட்டுக்காரர் அது இல்லாம இருக்க மாட்டாரு. பசங்க லீவுக்கு வந்தா மட்டும் ரெண்டு நாள் என்கிட்டயும் அனுப்பு. எனக்கு அது போதும்."

சின்னவள் அவள் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"ஏங்க்கா, பலகையைப் பிரிக்கிறதுக்கு எனக்கு எதுக்கு பாய்லர்?"

"பலகையா?"

"பலகைதான். நடுவுல இருக்கிற தடுப்பு. அதைப் பிரிச்சு எடுத்துட்டா கூரைக்கு ஒண்ணும் ஆகாதேன்னு அண்ணன்கிட்ட கேட்டேன்." இதைச் சொல்லும்போதே விஷயம் சின்னவளுக்கு விளங்கிவிட்டது. அவள் கண் விரிந்தது. "அய்யோ அக்கா. கடையைப் பிரிக்கப் போறேன்னா நினைச்சீங்க? அதான் நண்டு நண்டா வரவழைச்சீங்களா?"

எந்தச் சொல்லுக்குப் பயந்து கஞ்சியக்கா இத்தனை நாள் உறக்கம் கெட்டாளோ, அதே சொல் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்து சிரித்தது. ஆனால் சின்னவள் சிரிக்கவில்லை. அவள் குரல் இறங்கியிருந்தது.

"நீங்க விழுந்தன்னைக்கு நான் இந்தப் பக்கம் பாடிக்கிட்டு இருந்தேன்க்கா. நீங்க அந்தப் பக்கம் தரையில கிடந்து கூப்பிட்டிருக்கீங்க. எனக்குக் கேக்கல. ரொம்ப நேரமா துணி வரலையேன்னு எட்டிப் பார்த்தப்பதான் தெரிஞ்சுது. அப்பவும் நீங்க ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க. அதை நினைச்சா எனக்கு இன்னும் ஆறல. அந்தப் பலகை நமக்கு நடுவுல வேணாம்க்கா. ஆனா அது நீங்க கேட்டுப் போட்ட பலகை. ஆவி வரும்னு சொன்னீங்க. எப்படிக் கேக்கிறதுன்னு தெரியாமத்தான் சாப்பாடு, கடல்னு சுத்தி வளைச்சேன்."

கஞ்சியக்கா அழுதாள். பிள்ளைகள் வெளியூர் போன அன்றுகூட இயந்திரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் அழுதவள், இப்போது பட்டப்பகலில், திறந்த வெளியில் அழுதாள். பயம் போன நிம்மதியா, இவளைப் போய்த் தப்பாக நினைத்தோமே என்ற வெட்கமா, தன்னை ஒருத்தி இவ்வளவு நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்ற சந்தோஷமா என்று பிரித்துப் பார்க்க அவளால் முடியவில்லை. எல்லாம் ஒன்றாகப் போட்டு அலசியது போல வந்தது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு, போகிற போக்கில் இதையும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது அவளுக்கு. "ஆவியெல்லாம் ஒண்ணுமில்ல. உன் பாட்டுக்குப் பயந்துதான் அந்தப் பலகையைப் போடச் சொன்னேன்."

"தெரியும்க்கா."

"தெரியுமா?"

"முதல் நாளே தெரியும். ஆவியை மறைக்கிற தடுப்புல யாராவது அவ்வளவு பெரிய ஓட்டை விடுவாங்களா?"

அப்போது கஞ்சியக்கா சிரித்தாள். அவள் சிரித்து முடிப்பதற்குள் ஒரு பெரிய அலை பாறையில் மோதி, இரண்டு பேரையும் தலை முதல் கால் வரை நனைத்துவிட்டுப் போனது. விறைப்பாக நின்ற வெள்ளைக் காலர் தொளதொளவென்று தொங்கிவிட்டது. திரும்பி வரும்போது பேருந்தில் இரண்டு பேரும் ஈரத்தோடு நின்றுகொண்டே வந்தார்கள். நண்டின் தயவில் இருவருக்கும் குனியவும் முடியவில்லை.

கடைக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலமாகிவிட்டது. பாய்லர் உறுமிக்கொண்டிருந்தது. மெக்கானிக் கடைசி ஆணியை முடுக்கிக்கொண்டிருந்தார். சகோதரர்கள் அதே வாளிகளின் மேல் உட்கார்ந்து வெற்றிப் புன்னகையோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நனைந்து, தலை கலைந்து, கண் சிவந்து, காலர் தொங்கி வந்து நின்ற கஞ்சியக்காவைப் பார்த்ததும் அந்தப் புன்னகை போய்விட்டது. அவளை அந்தக் கோலத்தில் யாரும் பார்த்ததே இல்லை.

கஞ்சியக்கா எப்போதும் போல மூன்றே வார்த்தையில் விஷயத்தை முடித்தாள்.

"நாங்க பேசிட்டோம். பிரிச்சிடலாம்."

மூத்தவரின் கையிலிருந்த தேநீர் சட்டையில் சிந்தியது. இளையவர் எழுந்து நின்று, மனைவியைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், கடைசியில் ஆதரவுக்கு பாய்லரைப் பிடித்துக்கொண்டார். அது சுட்டது. குடும்ப விஷயம் என்று நினைத்த மெக்கானிக், மெதுவாகத் தன் பையை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்தார். நீங்கள் போகாதீர்கள், ஆணி பிடுங்க உங்கள் சாமான் வேண்டும் என்று சின்னவள் அவரை மறித்தாள். பிறகு அவள் பொங்கிப் பொங்கிச் சிரித்ததில் விளக்கிச் சொல்ல வெகுநேரம் பிடித்தது. அதுவரை அந்த இரண்டு ஆண்பிள்ளைகளும் பட்ட பாட்டைக் கஞ்சியக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். தான் பல நாள் பட்டதை இவர்கள் கொஞ்ச நேரமாவது படட்டும் என்று ஒரு சின்ன ஆசை.

அண்ணன் வரும்வரை யாரும் காத்திருக்கவில்லை. மூத்தவர் அடித்த ஆணியை மூத்தவரே பிடுங்கினார். பலகை ஒவ்வொன்றாக இறங்க இறங்க, முன்பக்கத்து வெளிச்சம் பின்பக்கச் சுவர்வரை வந்தது. அங்கே இவ்வளவு ஒட்டடை இருந்தது என்று அன்றுதான் தெரிந்தது. மறுநாள் சின்னவளின் அண்ணன் வந்து, அதே பலகைகளை அறுத்து, இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார ஒரு பெஞ்சு செய்து போட்டார்.

பெஞ்சில் உட்கார்ந்து முதல் சட்டைக்குப் பொத்தான் தைக்க ஆரம்பித்தாள் கஞ்சியக்கா. சின்னவள் இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள், தொண்டையைச் சரிசெய்துகொண்டாள், பாட ஆரம்பித்தாள். கஞ்சியக்காவின் ஊசி அப்படியே நின்றது. இத்தனை வருஷமும் அந்தப் பலகை எவ்வளவு வடிகட்டிக் கொடுத்திருக்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

சின்னவள் பாட்டை நிறுத்திவிட்டு ஓரக்கண்ணால் பார்த்தாள். "மறுபடி தடுப்பு போட்டுடலாமாக்கா?"

"பலகையை பெஞ்சாக்கியாச்சு" என்றாள் கஞ்சியக்கா. "நீ பாடு. சத்தம் நின்னாத்தான் எனக்கு இனிமே பயமா இருக்கும்."